காதலும் ஆவியும் ஒரே படத்தில்: அச்சத்தைக் காதல் குறைக்கிறதா, கூட்டுகிறதா?

பழையசுருள் எழுதியது:

காதலும் ஆவியும் கலந்த திகில் படங்களைப் பற்றி அவ்வப்போது துண்டு துண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு முறை நிதானமாக, முழுமையாகப் பேசிவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். முடிவைச் சொல்லாமல் இத்தகைய படங்களைப் பற்றிப் பேச இயலாது. ஆகவே, பார்க்காத படத்தின் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பத்தியைத் தாண்டிச் சென்றுவிடுங்கள்.

இவ்வகைப் படங்களில் பெரும்பாலானவை இரண்டு தனிப் படங்களின் ஒட்டு வேலை என்பது என் கருத்து. முதல் பாதியில் கதவு தானாகத் திறக்கும், விளக்கு அணையும், கண்ணாடியில் யாரோ நிற்பார்கள். இடைவேளைக்குப் பிறகு ஒரு பின்கதை வந்து, அந்தப் பேய் ஏன் பேயானது என்பதற்கு ஒரு காதலைக் காரணமாகக் காட்டும். அந்தக் காதலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நிலத்தகராறை வைத்தாலும் படம் குறையின்றி ஓடும். நல்ல படத்தில் அப்படி மாற்றி வைக்க முடியாது; அங்கே காதலே அச்சத்தின் ஊற்று. காதலைப் பிடுங்கினால் பயமும் சேர்ந்து வந்துவிடும்.

இதற்கு நான் முதலில் காட்டுவது, 1953இல் கென்ஜி மிசோகுச்சி எடுத்த 'உகெட்சு' என்னும் ஜப்பானியப் படம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் பானை விற்கப் போன குயவன் ஒருவன், வாகசா என்னும் சீமாட்டியின் மாளிகையில் மயங்கிக் கிடக்கிறான். அவள் உயிருள்ளவள் அல்லள் என்று ஒரு துறவி எச்சரித்து, அவன் உடலெங்கும் மந்திர எழுத்துகளை எழுதி அனுப்புகிறார்; அவள் அவனைத் தொட முடியாமல் பின்வாங்குகிறாள். பலர் பேய்ப்பகுதி இத்துடன் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் படத்தின் உண்மையான ஆவிக்காட்சி இனிமேல்தான் வருகிறது. குயவன் வீடு திரும்புகிறான். வீடு இருண்டு கிடக்கிறது, அடுப்பு அணைந்திருக்கிறது, மனைவியின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே பின்புறமாக வெளியேறி வீட்டைச் சுற்றி வருகிறான். கேமரா உள்ளேயே இருந்து ஜன்னல்கள் வழியாக அவனைத் தொடர்ந்து திரும்புகிறது. திரும்பி வந்து நிற்கும்போது, சற்று முன் வெறுமையாக இருந்த அதே இடத்தில் அடுப்பு எரிகிறது, மனைவி மியாகி அமர்ந்திருக்கிறாள். இடையில் ஒரு வெட்டும் இல்லை. அவள் கணவனுக்கு மது ஊற்றிக் கொடுக்கிறாள், அவன் குழந்தையின் அருகில் படுத்துறங்குகிறான், அவள் விழித்திருந்து தையல் வேலை செய்கிறாள். அவள் முன்பே படைவீரர்களால் குத்திக் கொல்லப்பட்டதைப் பார்வையாளர்களாகிய நாம் அறிவோம், அவன் அறியான். வாகசா நம்மை அச்சுறுத்தியதைவிட மியாகியின் பரிவுதான் அதிகம் நடுங்க வைக்கிறது.

இந்தச் சோதனைக்கு உங்களுக்குப் பிடித்த படங்கள் நிற்கின்றனவா என்று எழுதுங்கள்.

ஒலிப்பதிவன் எழுதியது:

என் துறை ஒலி என்பதால், 1949இல் கமால் அம்ரோஹி இயக்கிய 'மஹல்' படத்தைத்தான் முதலில் சொல்வேன். இந்திய சினிமாவில் பேயை முதலில் காதால் உணரவைத்த படம் என்று நான் அதைக் கருதுகிறேன். பாழடைந்த மாளிகைக்கு வரும் அசோக் குமார் அங்கே தன் முகச்சாயலில் ஓர் ஓவியத்தைப் பார்க்கிறார்; எங்கோ ஒரு பெண் குரல் பாடுகிறது. கேம்சந்த் பிரகாஷ் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய 'ஆயேகா ஆனேவாலா'தான் அது. பாட்டின் முன்பகுதி தாளமே இல்லாமல் மிதந்து வரும். தாளம் தொடங்கும் இடத்தில்தான் குரலுக்கு ஓர் உடல் இருக்கிறது என்னும் நினைப்பே நமக்கு வருகிறது. தூரத்திலிருந்து குரல் நெருங்கி வருவதுபோல் கேட்க வேண்டும் என்பதற்காக, ஒலிவாங்கியிலிருந்து தள்ளி நின்று பாடத் தொடங்கி, பாடியபடியே நடந்து அதை நெருங்கியதாக லதா பின்னாளில் கூறியிருக்கிறார். இன்று எதிரொலியைக் கணினியில் இரண்டு நொடியில் சேர்த்துவிடலாம். ஆனால் நடந்து வரும் உடலின் மூச்சும், நெருங்கும்போது குரலின் அடர்த்தி கூடுவதும் அந்தக் கணினி எதிரொலியில் கிடைப்பதில்லை.

இன்னொரு செய்தி: இசைத்தட்டில் பாடகியின் பெயராக முதலில் அச்சானது கதாபாத்திரத்தின் பெயரான 'காமினி'. பாடியவர் யார் என்று நேயர்கள் வானொலிக்குக் கேட்டெழுதிய பிறகே லதாவின் பெயர் வெளியே வந்தது. பேயின் பெயரிலேயே இசைத்தட்டு விற்ற கதை வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது.

கடைசிவரிசை எழுதியது:

நண்பர் ஒலிப்பதிவன் ஒரு முக்கியமான செய்தியை மெல்லத் தாண்டிவிட்டார். 'மஹல்' படத்தில் பேயே இல்லை! இறுதியில் அது தோட்டக்காரரின் மகள் ஆஷா என்று தெரிந்துவிடுகிறது. 1964இல் ராஜ் கோஸ்லா எடுத்த 'வோ கௌன் தி', அதன் தமிழ் வடிவமாக 1966இல் வந்த 'யார் நீ?' ஆகியவையும் இதே வழியில் செல்பவைதான். மழை, வெள்ளை உடை, 'நானே வருவேன்' என்று பி. சுசீலாவின் குரல், இவையெல்லாம் இரண்டரை மணி நேரம் நம்மை நடுங்க வைத்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் சொத்துக்காக நடந்த சூழ்ச்சி என்று சொல்லிக் கையை விரித்துவிடுகின்றன. இந்தப் படங்களைப் பேய்ப்படக் கணக்கில் சேர்ப்பதே தவறு என்பது என் வாதம்.

இரவுக்காட்சி எழுதியது:

'யார் நீ?' படத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். அங்கே விளக்கம் வந்ததும் அச்சம் செத்துவிடுகிறது. ஆனால் 'மஹல்' படத்தை அதே கூடையில் போடாதீர்கள். அங்கே விளக்கம் வந்த பிறகுதான் ஒரு கேள்வி எழுகிறது: பேய் பொய் என்றால், அந்தப் பொய்க்காக நடந்தவற்றுக்கு யார் பொறுப்பு? கதாநாயகன் சங்கர், தந்தை செய்து வைத்த திருமணத்தை ஏற்றுக்கொண்டு, ரஞ்சனா என்னும் பெண்ணை மனைவியாக்கி, அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பாராமல், மாளிகையின் நினைவிலேயே ஆண்டுகளைக் கழிக்கிறான். கடைசியில் அவள் நஞ்சருந்தி, கணவன்மீது குற்றம் சாட்டிவிட்டு இறந்து போகிறாள். ஆவி என்று ஒன்று இல்லாமலே ஒரு பெண் உயிரோடு ஆவியாக்கப்பட்டிருக்கிறாள். பேய் இல்லாத வீட்டில் பேய்க்கு இரையானவள் அவள்தான். பழையசுருள் வைத்த சோதனையில் இது நிற்கிறது: சங்கரின் காதலை நீக்கினால் அந்தப் படத்தில் அஞ்சுவதற்கு எதுவுமே மிஞ்சாது.

விளக்கமும் வேண்டும், பேயும் வேண்டும் என்பவர்களுக்காகவே பிமல் ராய் 1958இல் 'மதுமதி' எடுத்தார் என்று சொல்வேன். ('மஹல்' படத்தின் தொகுப்பாளரும் பிமல் ராய்தான், 'மதுமதி'யின் கதை ரித்விக் கட்டக்குடையது.) மதுமதியைப்போலவே தோற்றமுள்ள மாதவி என்னும் பெண்ணை, இறந்தவளின் ஆவியாக நடிக்கச் சொல்லி, கொலைகாரனிடமிருந்து உண்மையை வரவழைக்கத் திட்டமிடுகிறார் திலீப் குமார். வெள்ளை உடையில் வைஜயந்திமாலா வருகிறார், கேள்விகள் கேட்கிறார், ஜமீன்தாராக வரும் பிராண் நடுங்கி ஒப்புக்கொள்கிறார். எல்லாம் திட்டப்படி முடிகிறது. பிறகு திலீப் குமாருக்கு ஒன்று உறைக்கிறது. அந்தப் பெண் கேட்ட விவரங்கள் மாதவிக்குத் தெரிய வாய்ப்பே இல்லாதவை. அந்த நேரத்தில், தாமதமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டபடி, உண்மையான மாதவி உள்ளே ஓடி வருகிறாள்.

இந்தக் காட்சியில் இரத்தமில்லை, அலறலில்லை, கோரமான முகமுமில்லை. 'தாமதமாகிவிட்டது' என்னும் பொருளில் வரும் ஒரு சாதாரண வசனம் மட்டுமே இருக்கிறது. இதை விஞ்சிய திகில் திருப்பத்தை இந்தியத் திரையில் நான் பார்த்ததில்லை.

வெள்ளைப்புடவை எழுதியது:

என் பெயரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள். எனக்குச் சொல்ல ஒரு மறுப்பு இருக்கிறது.

'மதுமதி'யின் அந்தத் திருப்பத்தை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அதற்குப் பின்னால் வரும் மறுபிறவியை என்னால் கொண்டாட முடிவதில்லை. இறந்த காதலர்கள் அடுத்த பிறவியில் கணவன் மனைவியாகச் சேர்ந்துவிட்டார்கள் என்றதும், அதுவரை சேர்ந்த துயரமும் அச்சமும் ஒரே நொடியில் தள்ளுபடியாகிவிடுகின்றன. சாவுக்கு விலையே இல்லை என்றாகிவிட்டால் பேய்க்கு மட்டும் என்ன மதிப்பு இருக்கும்?

தமிழில் இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கு உண்டு. 1963இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சம் மறப்பதில்லை'. கல்யாண் குமாரும் தேவிகாவும் முற்பிறவியில் காதலர்கள். ஜமீன்தாராக வரும் நம்பியார் அந்தக் காதலுக்கு எமனாகிறார். காதலர்கள் மறுபடி பிறந்து வருகிறார்கள். இதுவரை வழக்கமான கதைதான். ஆனால் அந்த ஜமீன்தார் இறக்கவில்லை. நூறு வயதைத் தாண்டி, தோல் சுருங்கி, பழைய பகையை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கிறார். படத்தின் தலைப்பு காதலர்களுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு அவருக்கும் பொருந்தும். ஆவியே வராத அந்தப் படத்தில் ஆவியின் இடத்தை உயிருள்ள கிழவர் ஒருவர் பிடித்துக்கொள்கிறார். நம்பியாரின் ஒப்பனையைவிட அந்தக் கண்கள்தாம் அச்சமூட்டுகின்றன. ஒளிப்பதிவு செய்த வின்சென்ட், அதற்கு அடுத்த ஆண்டு மலையாளத்தில் 'பார்கவி நிலயம்' படத்தை இயக்கினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இருட்டை எங்கே வைக்க வேண்டும், எங்கே சிறிது நிலவை விட வேண்டும் என்று அறிந்த கை அது.

மறுபிறவியைப் பரிசாகப் பார்க்கும் இந்தப் பழக்கம் நமக்குச் சினிமாவில் வந்ததுதான். நம் பழைய கதையில் அது பரிசல்ல. பழையனூர் நீலியை நினைத்துப் பாருங்கள். கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி, அவன் மறுபிறவியில் வணிகனாக வரும்போது, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் கணவர்' என்று ஊர் அவையில் முறையிடுகிறாள். அவனுக்கு எதுவும் நினைவில்லை; அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அவன் உயிருக்கு எழுபது வேளாளர்கள் பொறுப்பேற்கிறார்கள், விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான், சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள். மனைவி என்று உரிமை கொண்டாடுவதையே ஆயுதமாக்கிய இந்தக் கதையின் வலிமைக்கு ஈடான ஒரு தமிழ்ப் படம் இன்னும் வரவில்லை என்பது என் நீண்டநாள் மனக்குறை.

கடைசிவரிசை எழுதியது:

நீலி கதையில் காதல் எங்கே இருக்கிறது? அது பழிவாங்கும் கதை அல்லவா?

வெள்ளைப்புடவை எழுதியது:

பழி வாங்க ஆயிரம் வழி இருந்தும் மனைவி என்று சொல்லிக்கொண்டே ஏன் வருகிறாள் என்று எண்ணிப் பாருங்கள், ஐயா. அந்த உறவைச் சொன்னால்தான் ஊர் கதவைத் திறந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நிழலாட்டம் எழுதியது:

பேச்சை இரத்தக்காட்டேரிகள் பக்கம் சிறிது திருப்புகிறேன். காதல் எப்படி ஒரு திகில் பாத்திரத்தின் பல்லைச் சிறிது சிறிதாகப் பிடுங்கியது என்பதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

பிராம் ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலாவுக்குத் தொலைந்துபோன காதலி என்று யாரும் இல்லை. 1922இல் முர்னாவ் அனுமதி பெறாமல் அந்தக் கதையை 'நோஸ்ஃபெராட்டு' என்று பெயர் மாற்றி எடுத்தார். ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்து, படச்சுருள்களை அழித்துவிட நீதிமன்ற ஆணையும் பெற்றார். தப்பிய சில படிகளால்தான் இன்று நாம் அதைப் பார்க்கிறோம். சூரிய ஒளி பட்டால் காட்டேரி அழிந்துபோகும் என்னும் விதி நாவலில் இல்லை, அந்தப் படத்தில் வந்தது. அந்த விதி வந்ததும் ஒரு காதற்காட்சிக்கும் வழி பிறந்தது: எல்லன் என்னும் பெண் தானே விரும்பி அவனைத் தன் அறைக்கு வரவழைத்து, சேவல் கூவும்வரை பிடித்துவைத்து, தன் உயிரைக் கொடுத்து அவனை அழிக்கிறாள். அவளுக்கு அவன்மீது காதல் இல்லை. ஆனால் பார்ப்பதற்கு அது முதலிரவுக் காட்சியைப் போலவே இருக்கிறது. அந்த ஒற்றுமையில்தான் படத்தின் விஷம் இருக்கிறது.

1992இல் கொப்போலா எடுத்த படத்தில் டிராகுலாவுக்கு இறந்த மனைவி ஒருத்தி வந்துவிட்டாள், நாவலின் நாயகி மினா அவளுடைய மறுபிறவி ஆகிவிட்டாள். அந்தப் படத்தின் உடைகளையும், பழைய பாணியில் கேமராவுக்குள்ளேயே செய்த தந்திரக்காட்சிகளையும் நான் மிகவும் மதிக்கிறேன். எய்கோ இஷியோகாவுக்குக் கிடைத்த ஆஸ்கர் முற்றிலும் நியாயமானது. ஆனால் அரக்கனுக்கு ஒரு பழைய சோகம் கிடைத்த அந்தக் கணமே அவன்மீது இரக்கம் வந்துவிடுகிறது. இதுவும் கொப்போலா கண்டுபிடித்ததல்ல. 1932இல் கார்ல் பிராய்ண்ட் இயக்கிய 'தி மம்மி' படத்தில், போரிஸ் கார்லாஃப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்து, தன் காதலியின் மறுபிறவியைத் தேடுகிறார். ஆனால் அங்கே ஒரு வேறுபாடு உண்டு: அவளை அடைவதற்கு அவளைக் கொல்ல வேண்டும் என்று அவர் முடிவு செய்கிறார். காதல் அவரை நல்லவராக்கவில்லை, மேலும் கொடியவராக்குகிறது. பழையசுருளின் சோதனையில் 1932 வெல்கிறது, 1992 தோற்கிறது என்பேன்.

2024இல் ராபர்ட் எக்கர்ஸ் மீண்டும் 'நோஸ்ஃபெராட்டு' எடுத்தபோது இதை உணர்ந்திருக்கிறார். இளமையின் தனிமையில் துணை வேண்டி எல்லனே அவனை அழைத்ததாகத் தொடங்குகிறார். ஆனால் அவனுக்குச் சோகமான பின்கதை எதையும் கொடுக்கவில்லை. அழுகிய உடல், பசி, உரிமை கோரும் குரல், அவ்வளவுதான். ஈர்ப்பும் அருவருப்பும் ஒரே உடலில் இருக்கின்றன.

கடைசிவரிசை எழுதியது:

2008இல் வந்த 'ட்வைலைட்' பற்றி யாரும் பேசக் காணோம். வெயிலில் காட்டேரியின் தோல் மினுமினுக்கும் அந்தப் படத்தோடு இந்த வகையே முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நிழலாட்டம் எழுதியது:

அது அச்சுறுத்த எடுத்த படமல்ல. அதைத் திகில் என்று அளப்பது நியாயமாகாது. அதே 2008இல் சுவீடனிலிருந்து வந்த 'லெட் த ரைட் ஒன் இன்' படத்தைப் பாருங்கள். பள்ளியில் அடிவாங்கும் 12 வயதுச் சிறுவன் ஆஸ்கர், பக்கத்து வீட்டுக்கு வந்த 'எலி' (Eli) என்னும் காட்டேரிப் பிள்ளை. சுவரைத் தட்டித் தட்டிச் சங்கேத மொழியில் பேசிக்கொள்ளும் இரு பிள்ளைகளின் நட்பு என்று மனம் இளகிக்கொண்டே போகும். ஆனால் எலியோடு ஒரு நடுவயது ஆள் இருக்கிறான். அவளுக்காகக் கொலை செய்து இரத்தம் கொண்டுவருபவன், கடைசியில் அவளுக்காகவே தன் முகத்தை அமிலத்தால் சிதைத்துக்கொள்பவன். படம் முடிந்து ஆஸ்கர் ரயிலில் போகும்போது, அந்த ஆளும் ஒரு காலத்தில் இப்படித்தான் தொடங்கியிருப்பானோ என்னும் சந்தேகம் எழுகிறது. இயக்குநர் தாமஸ் ஆல்ஃபிரட்சன் இதற்கு விடை சொல்வதில்லை. இது காதலா, ஆள் சேர்ப்பா என்று கடைசிவரை தெரியாமல் இருப்பதுதான் என் கண்ணில் இந்த வகையின் உச்சம்.

தென்கொரியாவில் பார்க் சான்-வூக் 2009இல் எடுத்த 'தர்ஸ்ட்' படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு இரவில் தெருவில் ஓடும் பெண்ணைத் தூக்கி, தன் காலணிகளுக்குள் இறக்கி நிற்க வைக்கிறார் காட்டேரியாகிவிட்ட பாதிரியார். கடைசியில் நிழலே இல்லாத கடற்கரைக் குன்றில், விடியலை எதிர்பார்த்து இருவரும் வண்டியின்மேல் அமரும்போது, அவள் அந்தப் பழைய காலணிகளை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். அதற்கு முன்வரை தப்பிக்க அவள் செய்யும் முயற்சிகள் கொடூரமாகவும் சிரிப்பாகவும் இருக்கும்; காலணி வந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

பழையசுருள் எழுதியது:

நிழலாட்டம் சொன்னதை ஆசியப் பேய்கள் பக்கம் கொண்டுவருகிறேன். எனக்கு அங்கேதான் நிறைய கிடைக்கிறது.

ஸ்டான்லி குவான் இயக்கிய 'ரூஜ்' என்னும் ஹாங்காங் படத்தில், 1930களில் அபின் உண்டு காதலனோடு சேர்ந்து உயிர்விட்ட ஒரு கணிகை, 50 ஆண்டுகளுக்கு மேல் மறு உலகில் காத்திருந்தும் அவன் வராததால், 1980களின் நகரத்துக்கு அவனைத் தேடி வருகிறாள். நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்குச் சென்று, காணவில்லை என்று விளம்பரம் கொடுக்க வேண்டும் என்கிறாள். இறந்த நாளையும் நேரத்தையும் குறிக்கும் 3811 என்னும் எண்தான் அவர்களுக்குள் அடையாளம். பேயைக் கண்டு முதலில் நடுங்கும் பத்திரிகைக்காரரும் அவர் காதலியும், பிறகு அவளுக்கு உதவத் தொடங்குகிறார்கள். இப்படி ஒருவருக்காகச் சாகத் துணிவோமா என்று தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள். பிறகுதான் தெரிகிறது, அவன் சாகவில்லை. உயிர் பிழைத்து, சொத்தைத் தொலைத்து, சினிமாவில் துணை நடிகனாக, கிழவனாகத் திரிகிறான்.

இது மட்டும் இருந்தால் ஏமாற்றிய ஆணின் கதை என்று சொல்லி முடித்திருப்போம். ஆனால் படம் இன்னொன்றையும் வெளிப்படுத்துகிறது: அபின் உண்பதற்கு முன்பே, அவன் மதுவில் அவளே அவனுக்குத் தெரியாமல் தூக்க மாத்திரைகளைக் கலந்திருந்தாள். சேர்ந்து இறப்போம் என்னும் வாக்கை அவள் நம்பவில்லை. அதுவரை நாம் காதலின் உருவமாகப் பார்த்துவந்தவள் கொலை செய்யவும் முயன்றவள் என்று தெரியும்போது, அவள் மென்மையான முகமே வேறாகத் தெரிகிறது. அனிதா முய்யின் நடிப்பில் அது ஒரு கணத்தில் நடந்து முடிகிறது.

தாய்லாந்தின் மே நாக் கதை இதற்கு நேர் எதிர். கணவன் போருக்குப் போயிருக்கும்போது பிரசவத்தில் குழந்தையோடு இறந்துபோன மனைவி, அவன் திரும்பி வந்ததும் ஒன்றுமே நடவாததுபோல் குடும்பம் நடத்துகிறாள். ஊரார் சொல்லியும் அவன் நம்பவில்லை. தரைப்பலகையின் இடுக்கில் விழுந்த எலுமிச்சம்பழத்தை எடுக்க அவள் கை நீண்டு கீழே இறங்குவதை ஒருநாள் கண்ணால் பார்க்கும்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. அந்த நாட்டில் பலமுறை படமான கதை இது. 1999இல் நோன்சி நிமிபுத்ர் எடுத்த 'நாங் நாக்' அதைத் துயரமாகச் சொன்னது. 2013இல் வந்த 'பீ மாக்' அதையே நகைச்சுவையாக்கி அங்கே பெரும் வெற்றி பெற்றது.

இரவுக்காட்சி எழுதியது:

'பீ மாக்' படத்தை நகைச்சுவை என்று ஒரே வரியில் கடந்து செல்வதை நான் ஏற்கவில்லை. அந்தப் படத்தில் நண்பர்கள் நால்வரும் மனைவி பேய் என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தவித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் அவன் முன்பே அதை அறிந்திருந்தான் என்று தெரிகிறது. அறிந்தும் கூட வாழ்ந்திருக்கிறான்! 'நாங் நாக்' படத்தில் துறவி வந்து பிரித்து வைக்க வேண்டியிருந்தது. இங்கே கணவன் பிரிய மறுக்கிறான். 'இறந்தவர்கள் போய்விட வேண்டும்' என்னும் விதியை இத்தனை படங்களில் பார்த்த பிறகு, ஒரு படம் 'ஏன் போக வேண்டும்?' என்று கேட்கிறது. நீங்கள் சிரித்த இடத்தில் எனக்கு வியர்த்தது.

வெள்ளைப்புடவை எழுதியது:

இதுவரை பேசிய ஆவிகளில் பெரும்பாலோர் பெண்களாகவே இருப்பதைக் கவனித்தீர்களா? ஆண் காதலித்து ஏமாற்றுவான், பெண் இறந்து காத்திருப்பாள். ஆண் ஆவியாகி ஒரு பெண்ணை விரும்பும் படங்கள் குறைவு. 1947இல் வந்த 'தி கோஸ்ட் அண்ட் மிஸஸ் மியூர்' ஒன்று. அதில் பயம் மிகக் குறைவு, ஏக்கமே மிகுதி.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த சான்று, விஜய்தான் தேதாவின் இராஜஸ்தானிக் கதையை வைத்து மணி கௌல் 1973இல் எடுத்த 'துவிதா'. மணமான கையோடு வணிகத்துக்காக ஐந்து ஆண்டு வெளியூர் போய்விடுகிறான் கணவன். மணப்பெண்ணை வழியில் கண்டு மயங்கிய ஒரு பேய், அவன் உருவத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறது. ஆனால் பெண்ணிடம் மட்டும் பொய் சொல்ல அதற்கு மனம் வரவில்லை. தான் யார் என்பதைச் சொல்லிவிட்டு, முடிவை அவளிடமே விடுகிறது. தாலி கட்டியவன் அவளைக் கேட்காமலே போனான், பேய் அவளைக் கேட்டுவிட்டு உள்ளே வருகிறது. கடைசியில் ஓர் ஆட்டிடையன் தந்திரமாகப் பேயைத் தோற்பையில் அடைத்துவிட, அவள் மீண்டும் அந்தக் கணவனிடமே சிக்கிக்கொள்கிறாள். இங்கே அச்சமூட்டுவது பேய் போன பிறகு நடக்கும் வாழ்க்கை.

இதே கதையை 2005இல் 'பஹேலி' என்று அமோல் பாலேகர் எடுத்தபோது, பேய் தப்பித்துக் கணவனின் உடலுக்குள்ளேயே புகுந்துகொள்வதாக முடிவை மாற்றிவிட்டார். பார்ப்பதற்கு இனிமையான முடிவுதான். ஆனால் அந்தக் கணவன் என்னவானான் என்று ஒருவரும் கேட்பதில்லை.

'பார்கவி நிலயம்' பற்றி ஒரு வார்த்தை: வைக்கம் முகம்மது பஷீர் தம் 'நீல வெளிச்சம்' கதையிலிருந்து தாமே எழுதிய திரைக்கதை அது. பாழ் வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளர், பேய்க்கு அஞ்சாமல் அதனோடு உட்கார்ந்து பேசுகிறார், தான் எழுதுவதைப் படித்துக் காட்டுகிறார். இறந்துபோன பார்கவியைக் கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறார் என்பதே அங்கே காதல். 2023இல் ஆஷிக் அபு அதை மீண்டும் எடுத்தார். படப்பிடிப்பு அழகு, ஆனால் பழைய படத்தில் அந்த எழுத்தாளர் தனியாகப் பேசும்போது இருந்த இயல்பு எனக்கு அதில் கிடைக்கவில்லை.

கடைசிவரிசை எழுதியது:

எல்லாரும் வெளியூர்ப் படங்களிலேயே நிற்கிறீர்கள். அண்மைத் தமிழ்ப் பேய்ப்படங்கள் பெரும்பாலும் புகார் மனுவோடு வரும் பேய்களைப் பற்றியவை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். யாரோ கொன்றார்கள், சொத்தைப் பறித்தார்கள், தண்டித்துவிட்டுப் போகிறேன் என்னும் கணக்கு. 'சந்திரமுகி'யில்கூட அந்த நடனப் பெண்ணின் காதல் நமக்குச் செய்தியாகத்தான் வந்து சேர்கிறது.

ஆனால் 2014இல் மிஷ்கின் எடுத்த 'பிசாசு' வேறு. சாலையில் அடிபட்டுக் கிடக்கும் பவானியை வயலின் கலைஞன் சித்தார்த் தூக்கிச் செல்கிறான். அவன் கையைப் பிடித்தபடியே அவள் இறந்துபோகிறாள். அந்தப் பிடியிலிருந்து தொடங்கும் உறவு அது. பேய் அவன் வீட்டுக்கு வந்து, அவன் குடிப்பதைத் தடுக்கிறது, வழுக்கி விழுந்த தாயைக் காப்பாற்றுகிறது. அவனோ அவளைக் கொன்றவனைத் தேடி அலைகிறான். அவளை மோதியது தன் வண்டிதான் என்பது கடைசியில் தெரிகிறது. அவளுக்கு அது முன்பே தெரியும், தெரிந்தும் மறைத்துவந்திருக்கிறாள். கொன்றவனை நேசிக்கும் ஆவி! நீலிக்கு இதைவிட நேரெதிரான பெண் இருக்க முடியாது. மகளின் உடலைப் பனிக்கட்டிக்குள் பாதுகாத்து வைத்திருக்கும் தந்தையாக ராதாரவி வந்து, திரும்பி வந்துவிடு என்று பேயிடம் கெஞ்சும் காட்சியில், பயந்தவர் யார், அழுதவர் யார் என்று அரங்கில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெள்ளைப்புடவை எழுதியது:

'பிசாசு' எனக்கும் பிடித்த படம். இருந்தாலும், கொன்றவனை மன்னித்து, அவன் குடிப்பழக்கத்தையும் திருத்தி, அவன் தாயையும் கவனித்துக்கொள்ளும் பேயைப் பார்க்கும்போது, இறந்த பிறகும் பெண்ணுக்கு வீட்டு வேலை ஓயவில்லையே என்று தோன்றாமலில்லை. எனக்கு நீலிதான்.

புதியபார்வையாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றைப் பார்த்ததில்லை, முடிவுகளையெல்லாம் படித்தும்விட்டேன். முடிவு தெரிந்த பிறகும் பார்க்கத் தகுந்தவை எவை, எதிலிருந்து தொடங்கலாம் என்று யாராவது கூற வேண்டுகிறேன். திடீர் அலறல்களுக்கு நான் மிகவும் பயப்படுபவன்.

ஒலிப்பதிவன் எழுதியது:

நண்பரே, திடீர் அலறலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1942இல் ழாக் தூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' படத்தில், கணவனை முத்தமிட்டால் தான் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று அஞ்சும் மனைவி, அவனுடைய தோழியை இரவில் பின்தொடர்கிறாள். இரண்டு காலடி ஓசைகள் கேட்கின்றன, பிறகு ஒன்று நின்றுவிடுகிறது, அமைதி நீள்கிறது, சட்டென்று சீறலோடு ஒரு பேருந்து வந்து நிற்கிறது. அவ்வளவுதான். இன்றுவரை அந்த உத்தியைத்தான் ஆயிரம் படங்கள் திரும்பத் திரும்பச் செய்கின்றன. ஆனால் அதற்கு முன் இருந்த நீண்ட அமைதியை விட்டுவிட்டு, சீறலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தில் பயப்பட வேண்டிய சத்தம் ஏறக்குறைய அது ஒன்றுதான், அதையும் சொல்லிவிட்டேன்; ஆகவே நீங்கள் துணிந்து பார்க்கலாம்.

முடிவு தெரிந்தும் பார்க்கத் தகுந்தவை என்றால், முதலில் 'மதுமதி', அடுத்து 'உகெட்சு'. இரண்டிலும் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருந்தால் கவனம் கூடுமே தவிரக் குறையாது. 'ரூஜ்' மூன்றாவதாக இருக்கட்டும். 2017இல் டேவிட் லோவரி எடுத்த 'எ கோஸ்ட் ஸ்டோரி' படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் இறந்துபோன கணவன், கண்களுக்கு இரண்டு ஓட்டைகள் போட்ட வெள்ளைப் போர்வையாக அதே வீட்டில் நிற்கிறான். மனைவி தரையில் உட்கார்ந்து நீண்ட நேரம் ஒரு பலகாரத்தைத் தின்று தீர்ப்பதை, வெட்டே இல்லாத காட்சியில் அந்தப் போர்வை பார்த்துக்கொண்டிருக்கிறது. பொறுமையில்லாமல் அதைப் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். மற்ற மூன்றையும் பார்த்து முடித்தவருக்கு அந்தப் பொறுமை வந்திருக்கும். 'மஹல்' படத்தை மட்டும் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டுவிடாதீர்கள். காதணி ஒலிபெருக்கி இல்லாவிட்டால் கிடைக்கும்வரை தள்ளிப் போடுங்கள்.